துண்டுத் துணியும் காத்திருக்கும் கைகளும்

(கொமரலிங்கத்தில் நடைபெற்ற நண்பர்கள் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வயல் வேலையையும் கம்பெனி வேலையையும் முடித்துக்கொண்டு, களைப்பைப் பாராமல் வந்திருக்கிறீர்கள். ஆகையால் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிய இயந்திரத்தைப் பற்றியோ கேட்க இன்று வரவில்லை. துண்டுத் துணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

கொமரலிங்கம் அமராவதிக் கரையிலுள்ள ஊர். நெல்லும் தென்னையும் கரும்பும் இந்த ஊரின் செல்வம். ஆனாலும் 2009-ல் திருப்பூர் மாவட்டம் உண்டாவதற்கு வெகு காலம் முன்பே பனியன் தொழில் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் கம்பெனி வேனுக்காகச் சாப்பாட்டுத் தூக்குடன் நிற்கும் பெண்களை நீங்கள் யாவரும் அறிவீர்கள். அவர்களில் பலர் உங்கள் பிள்ளைகள், உங்கள் மருமக்கள்.

கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, கழுத்து, கை, உடம்பு என்று வெட்டி எடுத்த பின்பு மீதி விழுவதுதான் வெட்டுத்துணி. அதுவும் வீணாகப் போவதில்லை. நிறம் பிரித்து, கிலோக் கணக்கில் விலை போகிறது. ஒரு பங்கு பிய்த்துப் பஞ்சாக்கப்பட்டு மீண்டும் நூலாகிறது. ஒரு பங்கு இயந்திரம் துடைக்கும் வேஸ்ட்டாகப் பட்டறைகளுக்குப் போகிறது. ஆகவே, குப்பையைக் காப்பாற்றுகிறோம் என்று நான் பெருமை பேச வரவில்லை. அந்தத் துணிக்குப் போக்கிடம் இருக்கிறது. போக்கிடம் இல்லாமல் தவிப்பது வேறொன்று. அது, நோயாளியின் கட்டிலருகே காத்திருக்கும் மனிதருடைய நேரம்.

காத்திருப்பவரின் பாடு

மருத்துவமனைக்கு நீங்கள் கொடுக்கும் பணம் நோயாளிக்குப் போய்ச் சேருகிறது. மருந்தாக, கட்டுத்துணியாக, ரத்தமாகச் சேருகிறது. ஆனால் ஒவ்வொரு நோயாளியோடும் துணைக்கு ஒருவர் வருகிறாரே, அவரைக் குறித்து எந்த அட்டையிலும் எழுதுவதில்லை. பெரும்பாலும் அது ஒரு பெண். மனைவி, அல்லது தாய், அல்லது மூத்த மகள். அவள் வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் கூலி நிற்கிறது. இரவில் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுக்கிறாள். காலையில் வெந்நீர் வாங்கி வருகிறாள். டாக்டர் வந்துபோன பிறகு மாலை மணி ஆறு வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. வாழ்நாளெல்லாம் ஒரு நிமிஷம் சும்மா இருந்தறியாத கைகள் மடியில் கிடக்கின்றன. அப்பொழுது மனம் எங்கெல்லாம் ஓடும் என்பதைக் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். வட்டிக்கு வாங்கிய பணம், வீட்டில் விட்டுவந்த பிள்ளை, நாளைக்கு டாக்டர் என்ன சொல்லுவாரோ என்ற பயம்.

இந்தக் கைகளுக்காகவே வார்டில் துண்டுத் துணி வேலையைத் தொடங்கினோம். ஒரு சிறு பை. அதற்குள் ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு, மொட்டை முனைக் கத்தரி, கொஞ்சம் காகிதம், கொஞ்சம் துணி. எக்ஸ்ரே எடுக்கும் வரிசையிலும் வைத்துத் தைக்கலாம். மருந்துச் சீட்டுக்குக் கூப்பிட்டால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓடலாம். தையல் மெஷினுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

தைக்கும் விதம்

எப்படிச் செய்கிறோம் என்று கேட்பீர்கள். பழைய காலண்டர் தாளிலோ கல்யாணப் பத்திரிகையிலோ பக்கத்துக்கு 1 அங்குலம் வீதம் ஆறு பக்கம் உள்ள வடிவங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். தேன்கூட்டின் அறையைப் போன்ற வடிவம். இரண்டே முக்கால் அங்குலச் சதுரத் துணி இதற்குப் போதும். துணியின் நடுவில் தாளை வைத்து, ஓரங்களை உள்ளே மடித்து, நீளநீளமாக நூலோட்டி நிறுத்த வேண்டும். இப்படி மடித்த இரண்டு துண்டுகளை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, விளிம்போடு விளிம்பாகப் பொடித் தையலாகச் சுற்றித் தைக்க வேண்டும். நூலை ஒரு முழத்துக்கு மேல் கோர்க்கக் கூடாது; சிக்கு விழும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, ஆக 7 துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. சுற்றிலும் தைத்து முடிந்த துண்டிலிருந்து தாளை உருவி எடுத்து, மறுபடியும் உபயோகிக்கலாம்.

3 அடி அகலமும் 4 அடி நீளமும் உள்ள ஒரு குழந்தை விரிப்புக்கு இப்படிச் சுமார் 665 துண்டுகள் வேண்டும். பூவாகக் கணக்கிட்டால் 95. ஒரு நாளைக்கு ஒரு பூ என்று ஒரே பெண் தைத்தால் மூன்று மாதத்துக்கு மேலாகும். பத்துப் பெண்கள் தைத்தால் பத்தே நாள்.

பனியன் துணிக்கென்று ஒரு குணம் உண்டு. அது வளையத்தால் பின்னிய துணி. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் சுருளும். உள்ளே இருக்கும் தாள்தான் அதை அடக்கி வைக்கிறது. தாளில்லாமல் தைக்கும்போது, ஊசியைப் பின்வாங்கிக் குத்தும் கெட்டித்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறாது. புதிதாய்க் கற்பவர்களுக்குத் தையற்கடையில் மீதியாகும் ஜாக்கெட் துணியும் பாவாடைத் துணியுமே ஏற்றவை. அவை தறியில் நெய்தவை, சொன்னபடி கேட்கும். அடியில் கொடுப்பதற்குப் பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் காடாத் துணி நன்றாயிருக்கும். நடுவில் ஒரு பழைய சேலையை மடித்து வைக்கலாம்.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். வங்காளத்துப் பாட்டிமார் பழைய சேலைகளை அடுக்கி, அதன் கரையிலிருந்தே நூலை உருவிக் காந்தா என்னும் போர்வை தைத்தார்கள். கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய்க் கவந்தி என்னும் போர்வையை முடிக்கிறார்கள். அதன் நான்கு மூலைகளிலும் பூவென்று சொல்லிச் சிறு முக்கோணங்களை வைப்பார்கள். ஏழை வீட்டில் குளிருக்குப் போர்த்தவும் குழந்தையைக் கிடத்தவும் கந்தல் துணியே உதவியிருக்கிறது.

இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்த மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது: கோடித்துணியை நனைத்தே தைக்க வேண்டும்

பழைய வஸ்திரத்தில் கோடித்துண்டை இணைப்பதைப் பற்றி இயேசு சொன்ன உவமையை நீங்கள் அறிவீர்கள். மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே கிரேக்க மூலத்தில் வரும் சொல்லுக்கு, வெளுப்பவன் கைபடாத துணி என்பது பொருள். நம் பெரியவர்கள் அதைக் கோடி என்று மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம்! நனையாத புதுத்துணிக்குத்தான் நாம் கோடி என்கிறோம். குருமடத்தில் படித்த காலத்தில் இந்த உவமையின் உட்பொருளைக் குறித்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதன் வெளிப்பொருளைக் கற்றுத்தந்தவர்கள் வார்டிலிருந்த பெண்கள். புதுத்துணி முதல் சலவையில் சுருங்கும். பழந்துணி ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. இரண்டையும் அப்படியே சேர்த்தால், முதல் சலவையில் புதியது பழையதை இழுக்கும், கிழிசல் அதிகமாகும். காடாத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி வேறு இருக்கிறது. ஆகவே, எல்லாத் துணியையும் முதலில் ஊறவைத்து, துவைத்து, வெயிலில் உலர்த்திய பின்புதான் கத்தரி வைக்கிறோம்.

மருத்துவமனையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொறி, சிரங்கு, பேன் முதலானவை துணியோடு வரும். ஆகவே, கொதிநீரில் போட முடியாத துணியை நாங்கள் வாங்குவதில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வைத்தவர்கள் சுகாதார போதகர்களே.

உதவி செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக எண்ணுகிறேன். துன்பத்தால் நைந்த மனிதரோடு நம்மைச் சேர்க்கும்போது, நம்முடைய புதுக்கருக்கு அவரை இழுத்துக் கிழித்துவிடக் கூடாது. கொஞ்சம் நனைந்து, கொஞ்சம் சுருங்கிப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது: ஊசியை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறிய வேண்டும்

ஒரு சகோதரி தன் கணவரோடு 34 நாள் தங்கியிருந்தார். கணவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண், ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். பையை நீட்டியபோது, "ஏனுங்க ஐயா, இந்தத் துண்டையெல்லாம் நாங்க தினமும் கூட்டித் தள்ளறதுங்க. இதைப் போயித் தைக்கச் சொல்றீங்களே" என்றார். மூன்றாம் நாள் அவரே வந்து பையைக் கேட்டு வாங்கினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரும் தமக்கும் ஓர் ஊசி வேண்டும் என்றார். வார்டு சிஸ்டர் கொடுக்கவில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியில் நூலால் தொட்டுப் பார்த்தார். வலது கையில் இரண்டு விரல்களில் தொட்டது அவருக்குத் தெரியவில்லை. காலில் வந்த மரமரப்பு கையிலும் தொடங்கியிருந்தது. அன்றுவரை அதை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை.

உணர்ச்சி இழந்த கைக்கு ஊசி எவ்வளவு ஆபத்தானது என்பதை நமக்கு விளக்கிச் சொன்னவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். தொழுநோயாளியின் விரல்கள் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வலி தெரியாததினால் உண்டாகும் காயங்களும், கவனிக்கப்படாத புண்களுமே விரல்களைத் தின்கின்றன என்று அவரும் அவருடைய தோழர்களும் எடுத்துக்காட்டினார்கள். நிமிர்த்திய கையோடு ஊருக்குப் போனவர்களுக்குப் பிழைக்க வழி வேண்டுமல்லவா? 1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் எழும்பியது. அங்கே அவர்கள் தச்சுவேலை கற்றார்கள்; மரப் பொம்மைகள் செய்தார்கள். எந்தக் கருவி எந்தக் கையைக் காயப்படுத்துகிறது என்று நாள்தோறும் கைகளைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அந்தச் சோதனையை நாமும் ஒரு பழக்கமாக்கியிருக்கிறோம். சர்க்கரை வியாதிக்காரருக்கும் தொழுநோய் வந்து குணமானவருக்கும் முதலில் நூலால் தொட்டுப் பார்க்கிறோம். உணர்ச்சி குறைந்தவருக்கு ஊசி கிடையாது. தாள் மடிப்பதும் நிறம் பிரித்து அடுக்குவதும் அவர் வேலை. அந்தக் கணவர் அதைத்தான் செய்தார். சிவப்புக்குப் பக்கத்தில் எது பொருந்தும் என்று மனைவிக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் டாக்டர் அவருடைய கைகளையும் கவனிக்கத் தொடங்கினார். அடுப்படியில் சூடான பாத்திரத்தைத் தொடுமுன் துணி பிடிக்க வேண்டும் என்றும், இரவில் கைகால்களைப் பார்த்துக் கழுவ வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம்.

மூன்றாவது: தைத்தவருக்கு ஒரு பெயர் உண்டு

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேரைச் சாங்கி சிறைச்சாலையில் அடைத்தார்கள். கணவன்மாரும் மகன்களும் எங்கே, உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாது. கடிதம் எழுத அனுமதியில்லை. அவர்களுள் எத்தல் முல்வனி என்னும் கனடா நாட்டுப் பெண்மணி, காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்குப் போர்வை தைத்துக் கொடுக்கலாம் என்றார். விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் 6 அங்குலச் சதுரமாக ஒரு வெள்ளைத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்து, தன் பெயரையும் தைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள் வீதம் மூன்று போர்வைகள். ஒன்று பிரிட்டிஷ் வீரருக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, ஒன்று காயம்பட்ட ஜப்பானியருக்கு. போர்வை மருத்துவமனைக்குப் போனது. அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் பெயர்களைப் படித்தார்கள். மனைவி உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி, கடிதமில்லாமலே ஊசிவழியாகப் போய்ச் சேர்ந்தது. அவற்றில் இரண்டு இன்று கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அதே சிறையில் சுமார் இருபது சிறுமிகள், தங்களுக்குச் சாரணியர் வகுப்பு நடத்திய எலிசபெத் என்னிஸ் அம்மையாருடைய பிறந்தநாளுக்காக, கிடைத்த கந்தல்களை எல்லாம் சேர்த்து, காவலர் கண்ணில் படாமல் ஒரு விரிப்புத் தைத்தார்கள். அது நாம் வார்டில் தைக்கிற அதே ஆறு பக்கப் பூ.

இதைச் சொல்லும்போது தமிழன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. அதே யுத்தத்தில், மலாயாத் தோட்டங்களிலிருந்த நம் மக்கள் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெயரைத் தைத்து வைக்க ஒரு துண்டுத் துணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏழையின் பெயர் எளிதில் தொலைந்துபோகும். ஆகையால் அதைக் கவனமாய்க் காக்க வேண்டும்.

இந்த வேலையில் எங்களுக்குள் ஒரு கேள்வி எழும்பியது. வார்டில் தைத்த விரிப்பு யாருடையது? துணியும் ஊசியும் நன்கொடையால் வந்தவை. ஆகவே விரிப்புகளை விற்று மருந்து வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால், கூலியிழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கூலியில்லாத வேலை வாங்கி, அதை விற்பது தர்மம் ஆகுமா? 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்த பின்பு, ஆரோவில்லைச் சேர்ந்த உபாசனா நிறுவனத்தார் மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணியில் சுனாமிகா என்னும் சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதை விலைக்கு விற்பதில்லை என்று வைத்தார்கள்; அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். ஆனால் செய்த பெண்களின் கையில், நன்கொடையாக வந்த பணத்திலிருந்து வருமானம் சேர்ந்தது. வாங்குகிறவருக்கு இலவசம், செய்தவருடைய உழைப்போ இலவசமல்ல.

நாங்களும் ஒரு முடிவுக்கு வந்தோம். தான் தைத்ததை எடுத்துப்போக ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. விரும்பினால் சில பூக்களைப் பொது விரிப்புக்கு விட்டுப்போகலாம். விடாவிட்டால் ஒருவரும் கேட்கக் கூடாது. பொது விரிப்புகள் குழந்தைகள் வார்டுக்குப் போகும், விற்பனைக்கு அல்ல. பூவின் பின்புறத்தில், தைத்தவர் விரும்பினால், தம் பெயரின் முதல் எழுத்தைத் தைக்கலாம். நோயின் இரகசியம் காக்கப்பட வேண்டுமாகையால் முழுப் பெயர் வேண்டாம் என்று வைத்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியம்மாள் பென்சிலால் ஓர் எழுத்துப் போட்டுத் தரச் சொல்லி, அதன்மேல் நூலோட்டினார். பிறகு துணியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "இதுதான் நானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் அம்மா என்றேன்.

செக்கிங் வேலை பார்த்த அந்தச் சகோதரி 19 பூக்கள் தைத்தார். 12 பூக்களை எடுத்துக்கொண்டார். 7 பூக்களை விட்டுப்போனார். கணக்கை அவர்தான் போட்டார்.

உங்களிடம் கேட்பது

நண்பர்களே, திருப்பூரில் ஒரு நாளில் இயந்திரம் தைத்துத் தள்ளுவதை நம் வார்டுப் பெண்கள் ஓர் ஆயுளிலும் தைக்க முடியாது. விலைக் கணக்குப் பார்த்தால் இந்த வேலை நஷ்டமே. ஆனால் கைகள் ஓரிடத்தில் பதிந்திருக்கும்போது நாவு அவிழ்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் ஊசி கோர்த்துத் தரச் சொல்லிக் கேட்கும் பெண், சிறிது நேரத்தில் தன் பாரத்தையும் சொல்லுகிறாள். போதகரிடம் சொல்லாததை அவளிடம் சொல்லுகிறாள். அதுவே எனக்குப் பெரிய லாபம்.

ஆகவே சில காரியங்களை மட்டும் கேட்கிறேன். தையற்கடை வைத்திருப்போர், உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத பருத்தித் துண்டுகளைத் துவைத்து, மடித்து, ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பாலியஸ்டர் வேண்டாம்; கொதிநீர் தாங்காத சாயமும் வேண்டாம். கிழிந்தும் கறைபட்டும் நீங்கள் தொடக் கூசும் துணியை அனுப்ப வேண்டாம். நோயாளியும் அதைத் தொடக் கூசுவார். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் மேலாளரிடம் கேட்டு, அவர் கொடுத்ததை மாத்திரம் கொண்டுவாருங்கள். பழைய காலண்டர்கள் எத்தனை ஆனாலும் வாங்கிக்கொள்ளுவோம். வயதான தாய்மார்களே, தைக்கத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மத்தியானம் வார்டுக்கு வந்து, புதியவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். மாலையில் ஊசிகளை எண்ணி வாங்கி வைப்பதும் உங்கள் பொறுப்பாயிருக்கும். தரையில் விழுந்த ஓர் ஊசி அங்கே ஒரு விரலை, ஒரு காலைக்கூட வாங்கிவிடும்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளைக் குறித்து அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவள் பிரசங்கித்ததாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. அவள் மரித்தபோது, விதவைகள் அழுதுகொண்டு நின்று, அவள் செய்து கொடுத்த உடுப்புகளைக் காட்டினார்கள். அவளைப் பற்றிய சாட்சி துணியில் இருந்தது. நீங்கள் அனுப்பும் துண்டுத் துணியும் அப்படியே ஒரு நாள் யாரோ ஒரு பிள்ளையின் முதுகுக்குக் கீழே மெத்தென்று இருக்கும்.

பைகளை இன்றே வாசலில் வாங்கிக்கொள்ளலாம். காத்திருக்கிற யாவரையும், அவர்களைத் தாங்குகிற உங்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.